முதலில் ஏற்பி: சைட்டோகைன் ஆராய்ச்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் எலிசா என்ற, ஆன்டிபாடியால் புரதத்தின் அளவை அளக்கும் சோதனையின் முதல் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு முகம் மலரச் சொல்வது இது: "ஐஎல்-6 மூன்று மடங்கு கூடியிருக்கிறது." இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைனின் சுருக்கப் பெயர் அது. நான் திருப்பிக் கேட்பது: "அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் செல் எது?" பெரும்பாலும் அங்கே ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தை நிரப்பும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பச் சுரக்கும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். அந்தச் செய்தியை வாங்கும் செல்லின் மேற்பரப்பில் அதற்குரிய ஏற்பி இருந்தால்தான் எதுவும் நடக்கும். காது இல்லாத இடத்தில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் பயனில்லை. இந்தத் துறை பிறந்ததே கேட்கும் செல்லைக் கவனித்ததால்தான். 1957-இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மானும் இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனைக் கண்டறிந்தபோது, அவர்கள் கையில் தூய புரதம் எதுவும் இல்லை. வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளோடு சேர்த்து வைத்தார்கள். அந்தத் துண்டுகள் ஊறிய திரவத்தைப் புதிய சவ்வில் விட்டபோது, புதிய சவ்வு வைரஸை எதிர்த்து நின்றது. வாங்கிய செல்லில் ஏற்பட்ட மாற்றமே அவர்களுக்கு அளவுகோல். உங்களுக்கும் அதுவே அளவுகோலாக இருக்கட்டும்.

ஒரு சைட்டோகைன், ஒரு ஏற்பி, ஒரு செல்

ஒரு தாளை எடுத்து மூன்று பெயர்களை எழுதுங்கள்: எந்தச் சைட்டோகைன், எந்த ஏற்பி, எந்தச் செல். மூன்றில் ஒன்றை எழுத முடியாவிட்டால் சோதனை மேசைக்குப் போகாதீர்கள். இருபது சைட்டோகைன்களை ஒரே தட்டில் அளக்கும் வசதி இன்று இருக்கிறது. ஆனால் புதியவருக்கு அது தரும் எண்களின் குவியலில் கேள்வி தொலைந்துபோகும்.

ஏற்பி என்றால் ஒரே புரதம் என்று எண்ணிவிட வேண்டாம். ஐஎல்-2 என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்டர்லூக்கின்-2-ஐப் பாருங்கள். அதன் ஏற்பிக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று சங்கிலிகள். ஆல்ஃபா மட்டும் இருந்தால் பிணைப்பு தளர்வானது. பாதி ஏற்பிகள் நிரம்ப ஏறக்குறைய 10 நானோமோலார் ஐஎல்-2 வேண்டும். பீட்டாவும் காமாவும் சேர்ந்திருந்தால் 1 நானோமோலார் போதும். மூன்றும் சேர்ந்தால் 10 பிகோமோலார் (ஆயிரம் பிகோமோலார் ஒரு நானோமோலார்). அதாவது நூறில் ஒரு பங்கு. நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' மூன்று சங்கிலிகளையும் எப்போதும் தாங்கி நிற்பதால் மிகக் குறைந்த அளவு ஐஎல்-2-ஐயும் கேட்டுவிடுகின்றன. தாக்கும் வகையான இயற்கைக் கொல்லி செல்களில் பெரும்பாலானவை பீட்டாவையும் காமாவையும் மட்டும் வைத்திருப்பதால் அவற்றுக்கு அதிக அளவு தேவைப்படுகிறது. ஒரே புரதம் குறைந்த அளவில் எதிர்ப்பை அடக்கவும் மிகுந்த அளவில் தூண்டவும் முடிவதற்கு இந்தச் சங்கிலிக் கணக்கே முக்கியக் காரணம்.

காமா சங்கிலியின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ் குரோமோசோம் வழி வரும் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கு இந்தச் சங்கிலியில் ஏற்படும் மரபணுப் பிழையே காரணம் என்று வாரன் லியனார்டின் குழு 1993-இல் காட்டியது. அங்கே ஒரு முரண் எழுந்தது. ஐஎல்-2 அறவே இல்லாத எலிகளுக்கு டி செல்கள் உருவாகின்றன. காமா பழுதுபட்ட குழந்தைகளுக்கோ உருவாவதில்லை. அப்படியானால் காமா ஐஎல்-2-க்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. இன்று நமக்குத் தெரியும்: ஐஎல்-2, 4, 7, 9, 15, 21 ஆகிய ஆறும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. டி செல் உருவாவதற்கு வேண்டியது ஐஎல்-7-இன் செய்தி. சைட்டோகைனை மட்டும் பார்த்திருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்காது.

தரவுத்தளத்தில் ஒரு பிற்பகல்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். ஆனால் தவிர்க்கக் கூடாது. யூனிபுரோட் தளத்தில் உங்கள் புரதத்தின் பதிவைத் திறந்து, செல்லை விட்டு வெளியேறும் முன் வெட்டி நீக்கப்படும் முன்பகுதி எது, முதிர்ந்த வடிவம் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மனித ஐஎல்-2-இல் 153 அமினோ அமிலங்களில் முதல் 20 நீங்கி 133 எஞ்சும். புரோட்டீன் டேட்டா பேங்கில் ஏற்பியோடு சேர்ந்த முப்பரிமாண வடிவம் இருந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்தச் சங்கிலி எங்கே தொடுகிறது என்பது கண்ணில் பதிந்தால் பின்னால் பல குழப்பங்கள் குறையும். ஹியூமன் புரோட்டீன் அட்லஸில் எந்தச் செல்லில் ஏற்பியின் ஆர்என்ஏ இருக்கிறது என்று தேடலாம். ஆர்என்ஏ இருப்பதாலேயே புரதம் மேற்பரப்பில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இனம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் இதே பிற்பகலில் பார்த்துவிடுங்கள். மனித ஐஎல்-6 எலியின் செல்களில் வேலை செய்யும். எலியின் ஐஎல்-6 மனித செல்களில் வேலை செய்யாது. இன்டர்ஃபெரான்-காமா இரு பக்கமும் தாண்டாது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைனான டிஎன்எஃப்புக்கு இரண்டு ஏற்பிகள்; மனித டிஎன்எஃப் எலியில் அவற்றில் முதலாவதை மட்டுமே பிடிக்கும்.

இனவேறுபாட்டைச் சாதாரணமாக எண்ண முடியாததற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 2006 மார்ச்சில் லண்டனில், டி செல் மேற்பரப்பில் உள்ள சிடி28 ஏற்பியைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி, ஆறு ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குச் செலுத்தப்பட்டது. சில மணி நேரத்தில் ஆறு பேரும், சைட்டோகைன்கள் கட்டுக்கடங்காமல் சுரக்கும் சைட்டோகைன் புயலில் சிக்கி உயிருக்குப் போராடினார்கள். அனைவரும் பிழைத்தது பெரும் ஆறுதல். முன்னதாகக் குரங்குகளில் செய்த சோதனைகளில் இந்த ஆபத்து தெரியவில்லை. பின்னர் நடந்த ஆய்வு ஒரு காரணத்தைச் சொன்னது: மனிதர்களில் சிடி28 ஏற்பியைத் தாங்கி நிற்கும் ஒரு வகை நினைவு டி செல்களில், அந்தக் குரங்குகளுக்கு அந்த ஏற்பி இல்லை. எந்தச் செல்லில் எந்த ஏற்பி என்ற கேள்வி இவ்வளவு கனமானது.

குப்பியைத் திறக்கும் முன்

தூளாக வரும் புரதத்தின் குப்பியைத் திறக்கும் முன் ஒரு முறை சுழற்றியில் வைத்து அடியில் இறக்குங்கள்; மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தூள் கண்ணுக்குத் தெரியாது. கரைக்கும்போது வேகமாகக் குலுக்க வேண்டாம். நுரை வந்தால் புரதம் சிதையும். நானோகிராம் அளவில் நீர்த்த சைட்டோகைன் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். ஆகவே நீர்த்த கரைசலில் 0.1 சதவீதம் ஆல்புமின் போன்ற துணைப் புரதம் இருக்கட்டும். கரைத்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒரு பங்கை ஒரு முறைதான் உருக்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் தயாரிப்புத் தொகுதி எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.

எண்டோடாக்சின் என்னும் பொய்ச் சாட்சி

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வகங்களில் பயன்படும் சைட்டோகைன்களில் பல, ஈ.கோலை பாக்டீரியாவில் தயாராகின்றன. அந்தப் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடுதான் எண்டோடாக்சின். புரதத்தோடு சிறிதளவு ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும். மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அதை டிஎல்ஆர்4 ஏற்பி வழியாக உணர்ந்து டிஎன்எஃப், ஐஎல்-6, ஐஎல்-1 என்று வரிசையாகச் சுரக்கும். நீங்களோ அது உங்கள் புரதத்தின் வேலை என்று எழுதிவைப்பீர்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் சைட்டோகைன்களைப் போலச் செயல்படுகின்றன என்று ஒரு காலத்தில் வெளியான முடிவுகளில் ஒரு பகுதி, கலந்திருந்த எண்டோடாக்சினின் வேலை என்று பின்னர் தெரியவந்தது.

எனக்கும் இது நேர்ந்தது. ஒரு புதிய புரதம் மோனோசைட்டுகளிலிருந்து டிஎன்எஃப்பைப் பெருக்குகிறது என்று நான்கு மாதங்கள் படம் படமாக வரைந்து சேர்த்தேன். ஒரு நாள் புரதத்தைக் கொதிக்கவைத்து, மடிப்பெல்லாம் குலைந்த பிறகு அதே செல்களில் விட்டுப் பார்த்தேன். டிஎன்எஃப் துளியும் குறையவில்லை. புரதம் செத்த பிறகும் வேலை நடக்கிறது என்றால் வேலை செய்தது அது அல்ல. நான்கு மாத உழைப்பைத் தள்ளி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். உங்களுக்கு அது நேரக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

கணக்கு எளிது. ஓர் எண்டோடாக்சின் அலகு என்பது ஏறக்குறைய 100 பிகோகிராம். "மைக்ரோகிராமுக்கு ஓர் அலகுக்கும் குறைவு" என்று சான்றிதழ் சொல்லும் புரதத்தை மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்ற அளவில் பயன்படுத்தினால், கூடவே 10 பிகோகிராம் எண்டோடாக்சின் வரை போகலாம். டி செல்கள் அதைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். மோனோசைட்டுகள் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கன்ட்ரோல்களை வழக்கமாக்குங்கள். ஒன்று, கொதிக்கவைத்த புரதம்: சைட்டோகைன் குலையும், எண்டோடாக்சின் தாக்குப்பிடிக்கும். இரண்டு, எண்டோடாக்சினைப் பிடித்துக்கொள்ளும் பாலிமிக்சின்-பி சேர்த்த, சோதனைத் தட்டின் ஒரு குழி. மூன்று, டிஎல்ஆர்4-ஐ மறிக்கும் ஆன்டிபாடி. குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து பெறும் எல்ஏஎல் சோதனையால் உங்கள் கரைசல்களையும் செல் வளர்ப்பு ஊடகத்தையும் அவ்வப்போது சோதித்துவிடுங்கள். குற்றவாளி சில நேரம் தண்ணீராகவும் இருக்கும்.

ஏற்பி மேற்பரப்பில் இருக்கிறதா?

சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகள் ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இதற்கு ஏற்ற கருவி. இறந்த செல்கள் எந்த ஆன்டிபாடியையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே உயிருள்ளவற்றைப் பிரித்துக்காட்டும் சாயம் கட்டாயம். ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். எல்லாச் சாயங்களும் சேர்த்து, நீங்கள் தேடும் ஒன்றை மட்டும் விட்ட குழாய் ஒன்றும் வேண்டும். ஏற்பி உள்ளது, இல்லாதது என்று பிரிக்க எங்கே கோடு போடுவது என்பதை அது சொல்லும்.

தட்டில் ஒட்டி வளரும் செல்களை டிரிப்சினால் பிரித்தால், அந்த நொதி மேற்பரப்பு ஏற்பிகளையும் வெட்டிவிடக்கூடும். இருக்கும் ஏற்பியை இல்லை என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள். ஈடிடிஏ கரைசலால் மெதுவாகப் பிரிப்பது நல்லது.

செல்லின் நிலையையும் எழுதிவையுங்கள். ஓய்வில் உள்ள டி செல்களில் பெரும்பாலானவற்றில் ஐஎல்-2-இன் ஆல்ஃபா சங்கிலி மிகக் குறைவு. தூண்டிய ஓரிரு நாளில் அது பெருகும். ஒரே கொடையாளரின் ஒரே செல், திங்களன்று செவிடாகவும் புதனன்று கூர்மையான செவியோடும் இருக்கும்.

இன்னொன்று, கரையும் ஏற்பி. சில ஏற்பிகள் மேற்பரப்பிலிருந்து வெட்டப்பட்டு ரத்தத்தில் மிதக்கின்றன. கரையும் டிஎன்எஃப் ஏற்பி டிஎன்எஃப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு செய்தியைத் தடுக்கும். எட்டனர்செப்ட் என்ற மருந்து இந்தக் கருத்தின் மேல் கட்டப்பட்டதே. கரையும் ஐஎல்-6 ஏற்பி நேர் எதிர். அது ஐஎல்-6-ஐச் சுமந்துகொண்டு போய், ஐஎல்-6 ஏற்பியே இல்லாத செல்லிலும், செய்தியை உள்ளே கடத்தும் ஜிபி130 சங்கிலியைத் தட்டி எழுப்பும். ஜிபி130 உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஆகவே ஐஎல்-6-ஐ ஆராய்கிறவர், வளர்ப்புத் திரவத்தில் கரையும் ஏற்பி இருக்கிறதா என்று பார்க்காமல் "இந்தச் செல் பதில் தராது" என்று எழுதக் கூடாது.

எவ்வளவு, எத்தனை நிமிடம்

"எல்லோரும் 10 நானோகிராம் போடுகிறார்கள்" என்பதால் நீங்களும் போடாதீர்கள். அளவை மோலாரில் மாற்றிப் பிணைப்பு வலிமையோடு ஒப்பிடுங்கள். ஐஎல்-2-இன் எடை சுமார் 15.5 கிலோடால்டன். 10 பிகோமோலார் என்றால் மில்லிலிட்டருக்கு 155 பிகோகிராம். மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் போட்டால் அது ஏறக்குறைய 650 பிகோமோலார். மூன்று சங்கிலி ஏற்பி முழுவதும் நிரம்பிவிடும், இரண்டு சங்கிலி ஏற்பியும் கணிசமாக நிரம்பும். ஒழுங்குபடுத்தும் டி செல்களை மட்டும் கேட்கவைக்க நினைத்தவர் எல்லோரையும் எழுப்பிவிட்டார். எளிய பிணைப்பில், பிரிகை மாறிலிக்குச் சமமான அளவில் பாதி ஏற்பிகள் நிரம்பும். அதன் பத்து மடங்கில் 91 சதவீதம். குறைந்தது ஏழு எட்டு அளவுகளை, ஒவ்வொன்றும் மூன்று மடங்கு வித்தியாசத்தில் வைத்துச் சோதியுங்கள். பாதி விளைவு தரும் அளவும் பாதி ஏற்பி நிரம்பும் அளவும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை; பல செல்களுக்குச் சில ஏற்பிகள் நிரம்பினாலே முழு விளைவுக்குப் போதும்.

நேரம் இதைவிட நுட்பமானது. ஐஎல்-2, ஐஎல்-6, இன்டர்ஃபெரான் போன்றவற்றின் ஏற்பிகள் தமக்கென நொதி இல்லாதவை. ஜாக் என்ற நொதிகளை உடன் வைத்துக்கொண்டு செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றுகின்றன. ஜாக் நான்கு, ஸ்டாட் ஏழு. பாஸ்பேட் ஏறிய ஸ்டாட் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்துக்குள் உச்சம் தொடும். பிறகு சாக்ஸ் புரதங்கள் பிரேக் போடும். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வது, மழை ஓய்ந்த பிறகு வந்து வானத்தைப் பார்ப்பது போன்றது. டிஎன்எஃப் வேறு பாதை: ஐகேபி-ஆல்ஃபா என்ற புரதம் 15 நிமிடமளவில் சிதைந்து, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி உருவாகத் தொடங்கும். முதல் சோதனையில் 0, 5, 15, 30, 60, 120 நிமிடங்கள் என்று எடுங்கள்.

நிறுத்துவதும் கணக்குத்தான். செல்களைக் கழுவிச் சுழற்றி எடுப்பதற்குள் பாஸ்பேட் உதிர்ந்துவிடும். வளர்ப்புத் திரவத்திலேயே நேராக ஃபார்மால்டிஹைடு சேர்த்து, இறுதி அடர்த்தி 1.5 முதல் 2 சதவீதம் வரை இருக்குமாறு பத்து நிமிடம் வையுங்கள். பிறகு பனிபோல் குளிர்ந்த 90 சதவீத மெத்தனாலில் செல் உறையைத் திறந்து, ஆன்டிபாடியைச் சேர்க்கலாம். பைகோஎரித்ரின் போன்ற புரதச் சாயங்கள் மெத்தனாலில் கெட்டுப்போகும். மேற்பரப்புக் குறியீடுகளைத் தேர்வு செய்யும்போதே இதை நினைவில் வையுங்கள். சோதனைக்கு முன் சில மணி நேரம் சீரம் இல்லாத ஊடகத்தில் செல்களை வைப்பதும் பயன் தரும். ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் மாட்டுச் சீரத்தில் உள்ள டிஜிஎஃப்-பீட்டா1 என்ற சைட்டோகைனின் முதிர்ந்த வடிவம் மனிதனுடையதே போன்றது. உங்கள் செல்கள் அதை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

வெளியே இருப்பதை அளக்கும்போது

இப்போதுதான் எலிசா. அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு வரையும் வளைகோட்டுக்கு வெளியே விழும் எண்ணை ஊகித்து எழுதாதீர்கள். மாதிரியை நீர்த்து மறுபடி அளங்கள். எலிசாவில் சைட்டோகைனைப் பிடிக்க ஓர் ஆன்டிபாடி, பிடித்ததைக் காட்ட இன்னொன்று; இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்க்கும் முறையில், மிக அதிக சைட்டோகைன் இருந்தால் எண் தாழ்ந்து காட்டும். இரண்டு மூன்று நீர்த்தல்களில் அளந்தால் இது பிடிபடும். ரத்தத்தை எடுத்தால், ரத்தம் உறைந்தபின் பிரிக்கும் சீரமா, உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மாவா என்பதை முதல் நாளே முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள். உறையும்போது தட்டணுக்கள் டிஜிஎஃப்-பீட்டா போன்றவற்றை வெளியிடும்.

வெளியே அளக்கும் எண்ணில், சுரந்தது ஒரு பக்கம், ஏற்பிகள் பிடித்து உள்ளிழுத்தது மறு பக்கம்; எஞ்சியதே உங்கள் கையில் வருகிறது. தூண்டிய டி செல்களின் வளர்ப்பில் ஐஎல்-2 குறைவாக இருப்பது, அவை அதை ஆவலோடு உண்டதாலும் இருக்கலாம். இதைவிடத் தெளிவான பாடத்தை மருத்துவமனை தருகிறது. ஐஎல்-6 ஏற்பியை மறிக்கும் டோசிலிசுமாப் மருந்து முதலில் 2005-இல் ஜப்பானில், நிணநீர்க் கணுக்கள் வீங்கும் காசில்மேன் நோய்க்கு அனுமதி பெற்றது. அந்த மருந்து பெறும் நோயாளிகளின் ரத்தத்தில் ஐஎல்-6 கூடுகிறது. அதே நேரம் காய்ச்சலும் அழற்சியும் தணிகின்றன. ஏற்பி வழியாக அகற்றப்பட வேண்டிய ஐஎல்-6 வெளியே தேங்கி நிற்கிறது, கேட்பார்தான் இல்லை. எலிசா எண்ணை மட்டும் பார்ப்பவர் நோய் முற்றுகிறது என்று எழுதியிருப்பார்.

எத்தனை மாதிரி என்று கேட்டால், குழிகளை எண்ணாதீர்கள்; கொடையாளர்களை எண்ணுங்கள். ஒரே ரத்தத்தை ஆறு குழிகளில் பிரித்தாலும் அது ஒருவரே. மனித ரத்தம் என்றால் நெறிக்குழுவின் அனுமதியும் கொடுப்பவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் சோதனைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

அந்த ஏற்பி வழியாகத்தானா?

கடைசி வேலை இதுவே, பலர் பாதியில் விடுவதும் இதையே. ஏற்பியை மறிக்கும் ஆன்டிபாடியைச் சேர்த்து விளைவு மறைகிறதா என்று பாருங்கள். பக்கத்துக் குழியில் அதே வகையைச் சேர்ந்த, ஆனால் இங்கே எதையும் பிடிக்காத ஆன்டிபாடி இருக்கட்டும். ஜாக் தடுப்பு மருந்து ஒன்றைப் போட்டு விளைவு நின்றதாலேயே ஏற்பி உறுதியாகிவிடாது. ஜாக்1-ஐப் பல ஏற்பிகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆன்டிபாடியால் கிடைத்த முடிவை மரபணு வழியிலும் ஒரு முறை உறுதி செய்யுங்கள். டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் ஏற்பியின் மரபணுவை நீக்கிய செல்களை உருவாக்கி, மேற்பரப்பில் ஏற்பி இல்லை என்று ஃப்ளோவில் பார்த்து, பிறகு சைட்டோகைனைக் கொடுங்கள். விளைவு மறைந்தால் அதே செல்லுக்குள், கிரிஸ்பர் வெட்ட முடியாதபடி எழுத்துகள் சில மாற்றிய அதே மரபணுவைத் திரும்பப் புகுத்துங்கள். ஏற்பி மேற்பரப்புக்கு வந்த செல்களில் மட்டும் ஸ்டாட்டில் மறுபடி பாஸ்பேட் ஏறி, அருகிலேயே ஏற்பி வராத செல்கள் அசையாமல் இருந்தால், முதல் தாளில் எழுதிய மூன்று பெயர்களுக்கும் நடுவில் தயங்காமல் அம்புக்குறி போடலாம்.